காய் நகர்த்தும் கலை

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவன்)

‘வீடியோ கேம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் சுளிக்கும் பேராசிரியப் பெருமக்கள் நம் கல்லூரியில் உண்டு என்பதை நான் அறிவேன். கட்டைவிரல் தேயத் திரையை அழுத்தித் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனே அவர்கள் மனக்கண்ணில் தோன்றுவான். நான் எழுத வந்தது அந்த ஆட்டத்தைப் பற்றியன்று. ஒருவர் தம் காய்களை நகர்த்தி முடித்த பின்னரே மற்றவர் நகர்த்தக்கூடிய போர் ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறேன். இவற்றில் விரலின் வேகத்திற்கு வேலையே இல்லை. ஒரு முறைக்கு ஒரு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சதுரங்கமும் ஆடுபுலி ஆட்டமும் இந்தக் குடும்பத்தின் மூத்தவர்கள். கணிப்பொறியிலும் அலைபேசியிலும் வருபவை அவற்றின் பேரப்பிள்ளைகள்.

ஒரு முறைக்கு ஒரு நாள் என்றது மிகையன்று. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

என் அண்ணன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் இரவு ஷிப்டு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கம்பெனிப் பேருந்து வந்து அழைத்துச் செல்லும். இரவு ஷிப்டு முடிந்து அவர் வீட்டுப் படி ஏறும்போது நான் கல்லூரிக்குப் படி இறங்கிக்கொண்டிருப்பேன். நான் மாலையில் திரும்பும்போது அவர் புறப்படத் தயாராகிக்கொண்டிருப்பார். “சாப்டியாடா?” “சாப்டேண்ணா.” இவ்வளவுதான் எங்கள் உரையாடல். என்னைக் கல்லூரியில் சேர்க்கும் பொருட்டுத் தம்முடைய பட்டப்படிப்பை இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்திக்கொண்டவர் அவர். அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை.

அவர் புது அலைபேசி வாங்கியபோது பழையது வீட்டில் சும்மா கிடந்தது. அதில் ‘பாலிடோபியா’ என்னும் ஆட்டத்தை ஏற்றினோம். ஸ்வீடன் நாட்டு மிட்ஜிவான் நிறுவனம் 2016-இல் வெளியிட்டது அது. கட்டம் கட்டமான நிலம்; தொடக்கத்தில் மேகம் மூடிக் கிடக்கும்; வீரன் நடக்க நடக்க மேகம் விலகும். ஆளில்லாத ஊர்களைப் பிடிக்க வேண்டும். காட்டிலும் வயலிலும் பயன் பெற வேண்டும். நட்சத்திரம் சேர்க்க வேண்டும். நட்சத்திரம்தான் அங்கே நாணயம். அதைக் கொடுத்துப் படையும் திரட்டலாம், புதிய வித்தைகளும் கற்கலாம். ஒரே அலைபேசியைக் கைமாற்றி இருவர் ஆடும் வசதியும் உண்டு. அலமாரியின் மேல் அது இருக்கும். இரவு ஷிப்டு வாரங்களில் காலையில் வந்ததும் அண்ணன் தம் முறையை ஆடிவிட்டு உறங்கப் போவார். மாலையில் நான் என் முறையை ஆடி அதே இடத்தில் வைப்பேன். பகல் ஷிப்டு வாரத்தில் இது தலைகீழாகும்.

இவ்வாட்டத்தில் ‘ஓமாஜி’ என்று ஓர் இனம் உண்டு. மற்ற இனங்களில் பல காலாள் வீரனுடன் தொடங்கும்போது இது குதிரை வீரனுடனேயே தொடங்கும். காலாள் ஒரு கட்டம் நடப்பான். குதிரை இரண்டு கட்டம் பாயும். நான் எப்போதும் ஓமாஜியையே எடுப்பேன். கையிலுள்ள நட்சத்திரம் முழுவதையும் குதிரையாக்கி, அண்ணன் தம் வீரனை ஊர் பிடிக்க அனுப்பியிருக்கும் நேரம் பார்த்து, காவலற்ற தலைநகருக்குள் புகுந்துவிடுவேன். ஒரு நகரின் மேல் என் காய் நின்ற நிலையில் என் அடுத்த முறை வந்துவிட்டால் அந்த நகரம் எனக்கு. ஒன்பது பத்து நாளில் போர் முடிந்துவிடும். ஏழு ஆட்டம் இப்படியே வென்றேன்.

எட்டாவது ஆட்டத்தில், ஐந்து நாள் ஆகியும் அலைபேசி நான் வைத்த இடத்திலேயே இருந்தது. “உன் முறைண்ணா” என்றேன். “உன்னோட ஆடறதும் ஒண்ணுதான், பஸ்ஸுல உக்காந்து ரோட்டோர கம்பத்தை எண்றதும் ஒண்ணுதான்டா” என்று சொல்லிவிட்டு அவர் படுத்துக்கொண்டார்.

நண்பர்களே, அன்று எனக்கு உறைத்தது. ‘சிவிலைசேஷன் 4’ (2005) ஆட்டத்தை வடிவமைத்த சோரன் ஜான்சன் என்பவர் இதைப் பற்றிக் கூறிய கருத்து ஒன்று இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. வாய்ப்புக் கொடுத்தால், ஆடுகிறவர்கள் வெற்றிக்கான குறுக்கு வழியைக் கண்டுபிடித்து, அதையே திரும்பத் திரும்பச் செய்து, ஆட்டத்திலுள்ள சுவை முழுவதையும் தாங்களே வற்றடித்துவிடுவார்களாம். நான் செய்ததும் அதுவே. இதில் இன்னொரு கேடும் உண்டு. எட்டு ஆட்டம் ஆடியிருந்தும் எனக்குத் தெரிந்தது ஒரு தந்திரம்தான். கேடயம் தாங்கிய காவலனை எங்கே நிறுத்துவது, கல்லெறியும் பொறியை எப்போது வாங்குவது என்பதெல்லாம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. தோற்றுக்கொண்டே இருந்த அண்ணனுக்கு என்னைவிட ஆட்டம் அதிகம் தெரிந்திருந்தது.

அந்தக் கோடையில் வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் தாத்தாவின் ஊருக்குப் போயிருந்தேன். தமிழகமும் கருநாடகமும் ஆந்திரமும் கூடும் மூலை அது. கோயில் மண்டபத்துக் கல்லில் ஆடுபுலிக் கட்டம் கீறியிருக்கும். நாம் ஆடுபுலி என்பதைக் கன்னடத்தார் ஆடு ஹுலி என்பர். தெலுங்கர் புலி மேக என்பர். 3 புலி, 15 ஆடு, 23 முனைகள். ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக ஆட்டை வைப்பார். எல்லாம் வைத்து முடியும்வரை அவற்றை நகர்த்த முடியாது. பக்கத்திலுள்ள ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் அடுத்த முனை காலியாக இருந்தால் புலி தாவி வெட்டும். ஆடு ஒருபோதும் வெட்டாது. புலிகளை அசையவிடாமல் அடைத்தால் ஆட்டுக்கு வெற்றி. இரு பக்கமும் சமமில்லாத இப்படி ஓர் ஆட்டத்தை நினைத்தவன் பெரிய அறிவாளிதான்.

தாத்தாவுக்கு ஒரு வழக்கம். ஆட்டத்தின் நடுவில் திடீரென்று, “இடம் மாறு” என்பார். அதுவரை நான் வளர்த்த ஆடுகள் அவருக்கு. அவருடைய புலிகள் எனக்கு. புலியின் பக்கம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் நான் வைத்திருந்த ஆடுகளின் பின்னால் எத்தனை முனைகள் காலியாகத் திறந்து கிடந்தன என்பது கண்ணில் பட்டது. ஒரு மணி நேரம் என் பக்கத்திலிருந்தே உற்றுப் பார்த்தும் தெரியாதது, எழுந்து எதிரே போய் உட்கார்ந்த ஒரு நொடியில் தெரிந்தது.

இதை நான் அலைபேசிக்கும் கொண்டுவந்தேன். பாலிடோபியாவில் இடம் மாற முடியாது. அண்ணனுக்கு மேகம் எங்கே விலகியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது. ஆயினும், என் முறையை முடிக்கும் பொத்தானை அழுத்துமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வேன்: இப்போது இந்த அலைபேசியை வாங்கப்போகிறவன் நானாக இருந்தால் முதலில் எந்தக் காயைத் தொடுவேன்? விடை உடனே வந்துவிட்டால் என் அணியில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ‘இன்ட்டு த பிரீச்’ என்று 2018-இல் வந்த ஓர் ஆட்டம் இந்தக் கேள்வியையே அடித்தளமாகக் கொண்டது. எட்டுக்கு எட்டுக் கட்டம்; எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பதைத் திரையே முன்கூட்டிக் காட்டிவிடும். எதிரியின் எண்ணம் தெரிந்த பின்னும் தப்புவது எவ்வளவு கடினம் என்பதை அதை ஆடிப் பார்த்தவர்கள் அறிவர்.

அடுத்து நான் கற்றது, ஒரு முறைக்குள்ளேயே எதை முதலில் செய்வது என்பது. நான் அடித்த காய் சாகாமல் பிழைத்தால், எட்டும் தொலைவில் இருக்கும் பட்சத்தில், அது என்னைத் திருப்பி அடிக்கும். ஆகவே இரண்டு கட்டம் தள்ளி நின்று எய்யும் வில்லாளி முதலில் அடிக்க வேண்டும்; குறைந்த உயிரோடு நிற்கும் எதிரியைக் காலாள் பிறகு முடிக்க வேண்டும். அதே இரண்டு காய்கள், அதே இரண்டு அடிகள். வரிசையை மாற்றினால் என் காலாள் பாதி உயிரை இழந்திருப்பான். இன்னொன்று சொன்னால் வியப்பீர்கள். இந்த ஆட்டத்தில் நகரங்கள் கூடக்கூட வித்தைகளின் விலையும் கூடும். எனவே ஊரைப் பிடிக்கவும் வித்தை வாங்கவும் ஒரே முறையில் வாய்ப்பு வந்தால், வித்தையை வாங்கிவிட்டே ஊரைப் பிடிக்க வேண்டும். ஏழு ஆட்டம் வென்றவனுக்கு இது தெரியாது. அண்ணனுக்கு மூன்றாவது ஆட்டத்திலேயே தெரிந்திருக்கிறது; நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

இனி நிலத்தைப் பற்றி. வரலாறு படிப்பவன் என்ற முறையில் இங்கே சற்று நின்று பேச எனக்கு உரிமை உண்டு.

நம் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் சையத் பாஷா மலை தெரியும். அதன் மேல்தான் கிருஷ்ணகிரிக் கோட்டை. நாம் வாழும் இந்தப் பகுதி அந்நாளில் பாராமகால் எனப்பட்டது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கீழே இறங்கும் கணவாய்களைக் காக்கும் கோட்டைகளின் வரிசை இது. 1767-இல் ஆங்கிலேயர் இக்கோட்டையைத் தாக்கிப் பிடிக்க முயன்று தோற்றனர். பின்பு முற்றுகையிட்டுக் காத்திருந்தனர்; 1768-இல் கோட்டை பணிந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில் ஓசூர் கைவிடப்பட்டது. அதே மாதம் இராயக்கோட்டை வீழ்ந்தது. ஆனால் நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக்கு வந்தபோது கதை வேறாயிற்று. இரவில் தாக்கிக் கீழ்க்கோட்டையைப் பிடித்தார்கள். மேலே ஏற முயன்றவர்கள் மீது பாறைகள் உருண்டு வந்தன. மேல்கோட்டை கிடைக்கவில்லை, திரும்பிப் போனார்கள். மறு ஆண்டு, 1792-இல், சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையே விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஏறிப் பிடிக்க முடியாத மலை, எங்கோ வைத்து எழுதிய காகிதத்தின் வழியே அவர்கள் கைக்கு வந்தது.

இதையெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன்தான் நான். ஆனாலும் அண்ணன் ஒரு மலைக் கட்டத்தில் கேடயக் காவலனை நிறுத்தியபோது, மூன்று காலாட்களை ஒருவர் பின் ஒருவராக அனுப்பி மூன்றையும் இழந்தேன். பாலிடோபியாவில் மலையேறும் வித்தை கற்றவனுக்கு மலைமேல் நிற்கையில் காப்பு கூடும். பார்வையும் இரண்டு கட்டம் எட்டும். அடி வாரத்திலிருந்து முட்டுகிறவனுக்கு இரண்டும் இல்லை. அன்று மாலை மாடியில் நின்று சையத் பாஷா மலையைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. இருநூறு ஆண்டுக்கு முன் மாக்ஸ்வெல் செய்த பிழையை, அந்த மலையடியில் குடியிருந்துகொண்டே செய்திருக்கிறேன். அடுத்த முறையிலிருந்து அந்தக் காவலனை அவன் போக்கில் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள ஊர்களைப் பிடித்தேன். அவன் மலைமேலேயே நின்றான். போர் வேறிடத்துக்குப் போய்விட்டது. தமிழ்த்துறை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, கோட்டையை வளைப்பதற்கு உழிஞை என்றும் காப்பதற்கு நொச்சி என்றும் நம் முன்னோர் பூப் பெயர் சூட்டித் தனித்தனியே இலக்கணம் வகுத்திருப்பதை நினைவூட்டினார். குறளிலும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நான் முதல் அதிகாரத்தோடு நின்றுவிட்டவன் என்று அவர் கிண்டல் செய்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சதுரங்க வீரர்கள் தம் ஆட்டத்தை நகர்வு நகர்வாக எழுதி வைப்பர். போட்டிகளில் அது கட்டாயம். நானும் ஒரு பழைய நோட்டில் எழுதத் தொடங்கினேன். எல்லா நகர்வையும் எழுத எனக்குப் பொறுமை இல்லை. தோற்ற ஆட்டங்களில் மட்டும், ‘எந்த நாளில் தோற்றேன்’ என்று எழுதுவேன். தலைநகர் வீழ்ந்த நாளையன்று. வீழ்ச்சிக்கு விதை விழுந்த நாளை. பெரும்பாலும் அது எட்டுப் பத்து நாள் முந்தியதாக இருக்கும்.

ஆட்டம் திருந்தியது இப்படி. அதற்கு உயிர் வந்தது எப்படி என்பது வேறு கதை.

முதலில் ஓமாஜியைக் கைவிட்டேன். பணம் கொடுக்காமல் கிடைக்கும் இனங்கள் நான்கு. அவற்றின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பது என்று அண்ணனிடம் சொன்னேன். ஷின்-ஷி வந்தால் மலையேறும் வித்தை கையில் இருக்கும். பார்டூர் வந்தால் வேட்டை. இம்பீரியஸ் வந்தால் தொடக்கமே வேறு. சீட்டில் வந்ததை வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருந்தது. முதல் பத்து நாள் எவர் தலைநகரையும் எவரும் தொடுவதில்லை என்று இன்னொரு ஒப்பந்தம். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, போடு” என்றார்.

கணிப்பொறியை எதிர்த்து ஆடுவோருக்கும் ஒரு சொல். ‘சிவிலைசேஷன்’ போன்ற ஆட்டங்களில் கடினமான நிலையைத் தேர்ந்தால் கணிப்பொறி அதிகமாகச் சிந்திப்பதில்லை. தொடக்கத்திலேயே அதற்கு அதிகப் பொருள் கொடுத்துவிடுகிறார்கள். முட்டாள் பணக்காரனோடு மல்லுக்கட்டுவது போன்றது அது. பயிற்சிக்கு ஆகும், உறவுக்கு ஆகாது. இருந்தும் அந்த ஆட்டத்தில் எதிராளிகளுக்குக் குணம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். சித் மையர் 1991-இல் வெளியிட்ட முதல் சிவிலைசேஷனில் இந்தியாவின் தலைவர் காந்தியடிகள். எண் ஒன்று தவறிப்போய் அவர் அணுகுண்டு வீசுபவராக மாறிவிட்டார் என்று ஒரு கதை உலகமெங்கும் பரவியது. அப்படியொரு பிழையே இல்லை என்று மையர் 2020-இல் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். ஆனால் 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், அந்தக் கதையை வைத்து வேடிக்கைக்காகவே காந்திக்கு அணுகுண்டு ஆசையை ஏற்றிவைத்தார்கள். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி, காந்தியடிகளின் சம்பந்தி. 1962-இல் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி அமெரிக்காவுக்கே போய்க் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தவர். இந்த வேடிக்கையை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாரோ!

வேடிக்கை இருக்கட்டும். எதிராளிக்கு ஒரு குணம் உண்டு என்று தெரிந்த பிறகுதான் எனக்கு ஆட்டம் பிடித்தது. அண்ணனின் குணம் எனக்கு அதுவரை தெரியாது. அவர் அவசரப்படமாட்டார். ஊரை ஒன்றன்பின் ஒன்றாக வளர்ப்பார். நகருக்கு மதில் எழுப்பும் வாய்ப்பு வந்தால் உடனடி நட்சத்திரத்தை விட்டுவிட்டு மதிலையே எடுப்பார். இழக்கப் போகும் காய் என்று தெரிந்தால் அதை வீணாக்கமாட்டார். அதைக் கொண்டு என் பாதையை ஒரு நாள் மறித்துவிட்டுத்தான் சாகவிடுவார். இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்தியவரின் ஆட்டத்தில் இதைப் பார்த்தபோது, ஒரு மாலை நான் அலைபேசியை வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஓர் எச்சரிக்கை. இந்த ஆட்டங்களில் ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்னும் ஆசை பொல்லாதது. கணிப்பொறியோடு ஆடினால் அந்த ஒரு முறை விடியற்காலை வரை நீளும். கடந்த பருவத் தேர்வின்போது அதன் விலையை நான் ஒரு தாளில் கொடுத்தேன். ஷிப்டு பார்க்கும் அண்ணனோடு ஆடினால் ஒரு நாளைக்கு ஒரு முறைதான். மீதி நேரத்தில் மனம் மட்டும் ஆடும். வகுப்பில் ஆடும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இப்போது நடப்பது பதினான்காவது ஆட்டம். தொடங்கி 26 நாள் ஆகிறது. குலுக்கலுக்குப் பிந்தைய ஆட்டங்களில் அவர் மூன்று, நான் இரண்டு. படியில் எதிர்ப்படும்போது, “அந்தக் குதிரையை ஏண்டா அங்க விட்ட?” என்று கேட்கிறார். ஒரு நாள் கம்பெனிப் பேருந்து வந்து ஒலி எழுப்பும்வரை வாசலில் நின்று பேசினோம். பேச்சு எங்கள் கல்லூரி, என் பாடங்கள், அவர் பாதியில் விட்ட பாடங்கள் என்று எங்கெங்கோ போயிற்று.

நேற்று மாலை அலைபேசியை எடுத்தபோது அதன் அடியில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. ‘வடக்குப் பக்கம் பத்திரம்’ என்று அண்ணன் கையெழுத்து. வடக்கே என் நகரம் ஒன்று காவல் குறைந்து நிற்பது உண்மைதான். ஆனால் தெற்கேயும் ஒன்று நிற்கிறது. வில்லாளியை வடக்கே அனுப்புவதா, இல்லை, இது என்னை அங்கே இழுப்பதற்காக எழுதிய சீட்டா? இரவு பத்து மணிவரை யோசித்தும் முடிவுக்கு வர முடியவில்லை.